பின்பாரம்

“தாவீது அண்ணன் பதில் கேக்கறாரு மாமா. நான் இன்னா சொல்லட்டும்?”

“எதுக்கு?”

“எதுக்கா? ஏலகிரியில அவரு தங்கச்சி ஆஸ்டல் நடத்துறாங்கல்ல, அதுக்கு. சமையக்கட்ட மொத்தமா பாத்துக்க ஆளு வேணுமாம். அங்கியே ரூமு, சாப்பாடு. சம்மர்ல மட்டும் லீவு.”

“சம்மர்ல மட்டுமா?”

“ஆமா. நீ இன்னா சொல்ற?”

“உன் இஷ்டம்.”

“என் இஷ்டம் எனக்குத் தெரியாதா? நீ இன்னா சொல்றன்னு கேட்டேன்.”

“நான் சொல்றதுக்கு இன்னா கீது?”

மடவை மீனின் செதிலை உரசிக்கொண்டிருந்த சந்திரகலாவின் கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக ஓடத் தொடங்கியது. அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

பூவராகவன் அந்தச் சாயங்காலத்தை அதன் பிறகு எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டான். பொன்னேரி ரயில்வே கேட்டில் நிற்கும்போது, கம்பெனி வாசலில் லோடுக்காகக் காத்திருக்கும்போது, ராத்திரி அவள் முதுகைப் பார்த்தபடி படுத்திருக்கும்போது. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்தான் வாய் அடைத்துக்கொண்டது. ‘போவாத’ என்ற ஒரு சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்து, கேட்க உனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

அவன் அப்படி நினைத்ததற்கும் காரணம் இருந்தது. அந்தப் பெரிய அலை வந்த வருஷம் பழவேற்காட்டில் அவன் படகு போயிற்று. வலை போயிற்று. அப்போது பெண்டாட்டியோடு நடுத்தெருவில் நின்றவனைக் கூட்டிக்கொண்டு போய்த் பொன்னேரியில் தன் வீட்டில் வைத்துக்கொண்டவன் அண்ணன் குப்புராஜ். டிரைவிங் கற்றுக்கொள்ளச் சொல்லி, கும்மிடிப்பூண்டியில் ஜெனரேட்டர் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்த்துவிட்டதும் அவன்தான். அந்த வீட்டில் இருந்துகொண்டு அண்ணி பூவம்மாளை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல பூவராகவனுக்கு வாய் வரவில்லை.

போன தை மாதம் அண்ணன் மகள் கவிப்பிரியாவுக்கு மஞ்சள் நீராட்டு. பந்தல் நிறைய ஜனம். ஆரத்திக்கு ஆலம் கரைத்ததும், வெற்றிலையை நறுவிசாக அடுக்கியதும், தட்டில் சூடம் வைத்ததும் சந்திரகலாதான். தட்டை எடுத்துக்கொண்டு அவள் இரண்டடி வைத்திருப்பாள். பூவம்மாள் வந்து அதைக் கையில் இருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

“குடு கலா. இது புள்ள பெத்தவங்க எடுக்கறது. உனுக்குத் தெரியாததா?”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு யாராவது ஏதாவது சொல்லியிருக்கலாம். பூவம்மாள் கன்னத்தைத் தடவிக் கொடுக்கிற குரலில் சொன்னாள். கூட்டத்தில் நாலைந்து பேர் பூவராகவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குனிந்து, நேராகத்தான் இருந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நேராக்கினான். அவன் குனிந்ததைச் சந்திரகலா பார்த்தாள். அதைப் பற்றி அவள் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. மீன் உரசிய அந்தச் சாயங்காலம்தான் வந்தது.

தாவீது, கம்பெனியில் டெஸ்பாட்ச் பார்க்கிறவர். அவர் தங்கையின் ஆஸ்டலுக்கு ஒரு ஜெனரேட்டரும் போக வேண்டியிருந்தது. மலையில் மழைக்காலம் முழுக்கக் கரண்ட் கண்ணாமூச்சி ஆடுமாம். பிக்கப்பின் பின்னால் டிரெய்லரைக் கோத்து பூவராகவன் கொண்டுபோய் இறக்கிவிட்டு வரவேண்டும் என்று முடிவாயிற்று. அதே வண்டியில் சந்திரகலாவும் போய்விடலாம் என்றும் முடிவாயிற்று. அந்த இரண்டாவது முடிவை யார் எடுத்தார்கள் என்று பூவராகவனுக்கு இன்று வரை தெரியாது. அவன் எடுக்கவில்லை.

ஜூலை மாதத்துக் காலை. சிப்காட் யார்டில் கிரேன் ஆபரேட்டர் மாரியப்பன் ஜெனரேட்டரைத் தூக்கி, இரண்டு சக்கர டிரெய்லருக்கு மேலே தொங்கவிட்டபடி கேட்டார்.

“எங்க வெக்கட்டும் ராகவா? அச்சுக்கு முன்னாடியா?”

“வேணாண்ணா. பின்னால தள்ளு. இன்னும் கொஞ்சம். ஆங், அங்கியே வுடு.”

“பின்பாரமாப் பூடாது?”

“ஆவட்டும்ணா. ஏத்தத்துல போறமில்ல, மூக்கு எழும்பினாத்தான் ஏறும்.”

“யோவ், மலைக்குப் போறியா, முகத்துவாரத்துக்குப் போறியா?”

“அலை மட்டும் இன்னா, நகர்ற மலைதானண்ணா?”

மாரியப்பன் சிரித்துக்கொண்டே சொன்ன இடத்தில் இறக்கினார். எங்கே வைப்பது என்பது டிரைவர் பாடு.

பூவராகவன் விளையாட்டுக்காக அப்படிச் சொல்லவில்லை. பழவேற்காட்டு முகத்துவாரத்தில், ஏரி கடலோடு சேர்கிற இடத்தில், வளர்ந்த உடம்பு அது. வலை, ஐஸ் பெட்டி, இன்ஜின் எல்லாம் படகின் பின்னால் இருக்க வேண்டும். அப்போதுதான் மூக்கு தூக்கும், அலை அடியில் போகும். பாரம் மூக்குக்கு வந்தால் படகு அலைக்குள் தலையைக் கொடுத்துவிடும். இதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நடக்கப் பழகிய மாதிரி பழகியது. மூன்று வருஷமாக டிரெய்லர் இழுக்கிறான் என்றாலும், அதெல்லாம் காக்களூர், மீஞ்சூர், ஆரம்பாக்கம் என்று தட்டையான ரோடு. அவன் ஓட்டும் பக்கத்தில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். அங்கே எந்தத் தப்பும் தப்பாகத் தெரிந்ததில்லை.

கேபிள் சுருள்கள், பேட்டரிகள், கருவிப்பெட்டி எல்லாவற்றையும் டிரெய்லரின் வால்பக்கம் அடுக்கினான். கடைசியாகச் சந்திரகலாவின் தகரப்பெட்டி. மெனக்கெட்டு அதையும் ஓரத்தில் வைத்துக் கட்டினான். போய்ச் சேர்ந்ததும் அவள் பொருள் முதலில் இறங்கட்டும், தேடி அலைய வேண்டாம் என்று. அதற்கு மேல் அவளுக்காக என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

“ஜெனரேட்டரோட பொண்டாட்டியையும் சேத்து டெலிவரி குடுக்கப் போற மொத ஆளு நீதாம்பா,” என்றார் மாரியப்பன்.

“சலான்ல என் பேரும் கீதான்னு பாருங்கண்ணா,” என்று கேபினுக்குள் இருந்து சந்திரகலா குரல் கொடுத்தாள்.

யார்டே சிரித்தது. பூவராகவனும் சிரித்தான்.

கவரப்பேட்டை தாண்டி, பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் வந்து நாஷ்டாவுக்கு நிறுத்தினார்கள். இட்லி வந்தது. சந்திரகலா தன் தட்டிலிருந்த வடையை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். இத்தனை வருஷமாக வைப்பதுதான்.

“நாளையிலேந்து உன் வடையத் தின்ன யாரு கீறாங்க?” என்று கேட்டுவிடலாம் என்று நினைத்தான். அதை வேடிக்கையாகச் சொல்ல ஆரம்பித்தால் பின்னால் மற்றது தானாக வந்துவிடும். வாயைத் திறந்தான்.

“இன்னா மாமா?”

“சாம்பார் தண்ணியா கீது.”

“ஆமா,” என்றாள் அவள். கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, கை கழுவ எழுந்து போனாள்.

ஆற்காடு தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறி வண்டியை விரட்டியபோது, டிரெய்லர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையத் தொடங்கியது. ஸ்டியரிங் கையில் நிற்காமல் வழுக்கியது.

“பின்னால இன்னா அது வால ஆட்டிக்கினே வருது?”

“காத்து.”

“காத்துன்னா மரம் ஆடணும். ஒண்ணும் ஆடலியே.”

அவன் வேகத்தைக் குறைத்தான். ஆட்டம் நின்றது. வேகம்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டான். வேறு எதையாவது யோசிக்க அவன் மண்டையில் அன்று இடம் இல்லை. வாணியம்பாடி வருவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று வைத்திருந்தான். வாணியம்பாடி வந்தது, போயிற்று.

மலையடிவாரத்து ஊருக்கும் பொன்னேரி என்றே பெயர். போர்டைப் பார்த்துச் சந்திரகலா சிரித்தாள்.

“இன்னா மாமா, சுத்திச் சுத்தி நம்மூருக்கே கூட்டியாந்துட்ட?”

அப்படி இருக்கக்கூடாதா என்று ஒரு நொடி அவனுக்குத் தோன்றியது. எதிரே பச்சைப் பசேலென்று மலை நின்றது. உச்சியில் மேகம் இறங்கி, மேலே போகும் ரோடு பாதியில் காணாமல் போயிருந்தது.

டீக்கடையில் நின்ற ஒரு லாரி டிரைவர் டிரெய்லரைச் சுற்றிப் பார்த்தார்.

“கிளீனர் இல்லையா? நடுவுல நின்னுட்டா கட்டை போட ஆள் வேணுமே.”

“நான் கீறேன்,” என்றாள் சந்திரகலா.

“நீங்களாம்மா?”

“சக்கரத்துக்குப் பின்னால கட்டைய வெக்கணும், அவ்ளோதான? ஆட்டுக்கல்லு கொழவியத் தூக்குற கைதான் இது.”

அவர் சிரித்துவிட்டு, தன் லாரியில் இருந்த இரண்டு ஆப்புக்கட்டைகளை எடுத்துக் கொடுத்தார். இறங்கி வரும்போது டீக்கடையில் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

முதல் சில வளைவுகளை வண்டி முனகிக்கொண்டே ஏறியது. தூறல் பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் முழங்கால் உயரச் சுவர், அதற்கு அப்பால் மரங்களின் தலைகள். அடுத்த கொண்டை ஊசி வளைவு மற்றவற்றைவிடச் செங்குத்தாக இருந்தது. பாதி திரும்பியிருக்கும்போது இன்ஜின் சத்தம் மட்டும் கூடியது. வண்டி நகரவில்லை. பின்சக்கரங்கள் ஈரத் தாரில் சும்மா சுழன்றன. ரப்பர் கருகிய வாடை வந்தது.

பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது. கைப்பிரேக்கை இழுத்துவிட்டுக் காலை மெதுவாகத் தூக்கினான். மொத்த வண்டியும் பின்னால் வழுக்கியது. வெடுக்கென்று மறுபடி மிதித்தான். இன்ஜினை அணைத்து முதல் கியரில் போட்டுப் பார்த்தான். அப்போதும் அதேதான்.

அந்த நிமிஷத்தில்தான் அவனுக்கு விளங்கியது. யாரும் சொல்லவில்லை. சீட்டுக்கு அடியில் உடம்பே சொல்லியது. டிரெய்லரின் வால் கீழே அழுத்த, அதன் மூக்கு எழும்பி, கொக்கியோடு சேர்த்துப் பிக்கப்பின் பின்பக்கத்தையும் மேலே தூக்கிக்கொண்டிருந்தது. தண்ணீரில் அவனை வாழவைத்த கணக்கு ரோட்டில் காலை வாரிவிட்டது. பின்சக்கரத்தில் பாரம் இல்லை. கைப்பிரேக்கும் கியரும் பிடிப்பது அந்தப் பின்சக்கரத்தைத்தான். இப்போது இவ்வளவையும் மலையில் நிறுத்தி வைத்திருப்பது முன்சக்கரமும், அதைப் பிடித்திருக்கும் அவன் வலது காலும் மட்டும்தான்.

“கலா, எறங்கு. எறங்கி மேல ஏறி அந்தப் பாறையாண்ட போய் நில்லு.”

“கட்டை?”

“வேணாம். நீ போ.”

“நீ?”

“நான் கால எடுக்க முடியாது.”

அவள் அவன் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு கட்டைகளை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பாறைப் பக்கம் போகவில்லை. பின்னால் போனாள்.

“ஏய். கலா.”

கண்ணாடியில் அவளுடைய பச்சைப் புடவையின் ஓரம் தெரிந்தது. டிரெய்லரின் மூலையைத் தாண்டியதும் அதுவும் மறைந்தது. அவள் இப்போது அந்த எடைக்குப் பின்னால், இறக்கத்தில் இருக்கிறாள். அவன் கால் ஒரு நூல் இளகினால் டிரெய்லர் மடங்கி அவளை அந்தச் சுவரோடு வைத்து அழுத்தும். பெண்டாட்டியின் உயிர் இவ்வளவு நேராகத் தன் பாதத்துக்குக் கீழே வரும் என்று அவன் நினைத்ததே இல்லை. இறங்கி ஓடிப்போய் அவளை இழுத்துவிடவேண்டும் போல் இருந்தது. இறங்கினால்தான் அவள் சாவாள்.

“இந்தப் பக்கம் வெச்சிட்டேன்,” என்று குரல் வந்தது. “கெட்டியா கீது. அந்தப் பக்கம் போறேன்.”

“அந்தப் பக்கம் சுவரு. வேணாம்.”

வைப்பர் ஒரு பக்கமாகப் போய் மறு பக்கமாக வந்தது. தடால் என்று ஒரு அதிர்வு. டிரெய்லர் ஒரு சாண் நகர்ந்து கட்டையில் முட்டி நின்றது. மரம் நசுங்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

“கலா?”

தூறல் கூரையில் தட்டிக்கொண்டிருந்தது.

“கலா. சத்தம் குடு. கலா.”

அவன் தொண்டையில் இருந்து வந்த குரலை அவனாலேயே அடையாளம் கண்டுபிடிக்க முடியவில்லை.

“கீறேன் மாமா,” என்று கடைசியில் வந்தது. மூச்சு வாங்கியது அவளுக்கு. “இங்க மண்ணு. கட்டை நிக்கல, வழுக்கிக்கினு போது. கையச் செராச்சிக்கினேன், அவ்ளோதான்.”

“வெளிய வந்துடு. தயவு பண்ணி வெளிய வந்துடு.”

வந்தாள். ஜன்னலுக்கு வெளியே தலைமுடி நெற்றியில் ஒட்ட நின்றாள். உள்ளங்கையில் தோல் உரிந்து ரத்தம் மழையோடு கலந்து ஓடியது. அதைப் பிடித்துப் பார்க்கக்கூட அவனால் குனிய முடியவில்லை. ஒரு கை மட்டும் ஜன்னல் வழியாக நீண்டு பாதியில் நின்றது.

மோட்டார் சைக்கிளில் ஒருவர் கீழிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, போனை எடுத்துப் பார்த்தார். டவர் இல்லை. மேலே போய் ஆஸ்டலில் சொல்லி ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் புகையோடு போனார். திரும்பவும் அவர்கள் இரண்டு பேரும் மலையும்.

வலது காலின் ஆடுதசை துள்ளத் தொடங்கியிருந்தது. பூவராகவன் இடது காலையும் கொண்டுவந்து அதன் மேல் வைத்து அழுத்தினான்.

“நான் தப்பா ஏத்திட்டேன் கலா. எல்லாத்தையும் பின்னால வெச்சிட்டேன். படகுன்னு நெனச்சிக்கினேன்.”

“இப்ப இன்னா பண்ணணும், அதச் சொல்லு.”

“மேல ஆள் வர்ற வரைக்கும் நீ ஒண்ணும்...”

“இன்னா பண்ணணும்னு கேட்டேன்.”

அவளிடம் மட்டுமில்லை, யாரிடமுமே எதையும் கேட்டுப் பழகியவனில்லை அவன். அண்ணன் கொடுத்ததை வாங்கிக்கொண்டான். பெண்டாட்டி வைத்ததைச் சாப்பிட்டான். தண்ணீர் வேண்டுமென்றால் எழுந்து போய்த் தானே மொண்டு குடிப்பான். அது நல்ல குணம் என்று கூட ஊரில் பெயர்.

“அந்த கேபிள் சுருளு. வாலு பக்கமா கீறதுல ஒண்ணை அவுத்து எங்கிட்ட, பிக்கப்போட பின்னால போடறியா? சைடுல நின்னே அவுத்துடு. பின்னால போவாத.”

“போடறேன்.”

சுருள் ஒன்று பிக்கப்பின் மேடையில் விழும் சத்தம் கேட்டது. சீட்டு மிக லேசாக அமுங்கியது.

“இன்னொண்ணு போடு கலா.”

போட்டாள்.

“பேட்டரிய எடுப்பியா? கனம். முடியலன்னா வுட்டுடு.”

“முடியும்.”

முடியவில்லை என்பது அவள் முனகலில் தெரிந்தது. ஆனாலும் பேட்டரி வந்தது. அவன் சாய்ந்து கண்ணாடியில் பார்த்தான். மார்போடு அணைத்துக்கொண்டு, ஈர ரோட்டில் பாதத்தைப் பதித்துப் பதித்து ஏறிவந்தாள். வீட்டில் தண்ணீர்க் குடத்தை இப்படித்தான் தூக்குவாள். அப்போதும் அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

“கருவிப்பெட்டி.”

“ம்.”

“கொஞ்சம் மூச்சு வாங்கிக்கோ. அப்புறம் இன்னொரு பேட்டரி.”

“ஒரு நாளைக்கு எத்தினி வேல சொல்லுவ நீ,” என்றாள் அவள். குரலில் சிரிப்பு இருந்ததா என்று அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. “கல்யாணம் ஆனதுலேந்து சொல்லாததெல்லாம் சேத்து வெச்சிக்கினு இருந்தியா?”

கடைசியாக மிஞ்சியது தகரப்பெட்டி.

“உன் பெட்டியும்,” என்றான்.

அவள் அதையும் கொண்டுவந்து வைத்தாள். பின்சக்கரத்துக்கு நேர் மேலே. பிக்கப்பின் முதுகு நன்றாகவே தாழ்ந்தது. அவன் கைப்பிரேக்கை இன்னொரு பல் இழுத்து, காலை மெதுவாக இளக்கிப் பார்த்தான். வண்டி ஒரு விரற்கடை போய் நின்றது. மறுபடி கொஞ்சம் நழுவியது. மிதித்துவிட்டான். ஜெனரேட்டர் அப்படியேதான் பின்னால் உட்கார்ந்திருந்தது. அதை அவளாலும் அவனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

“பத்தல,” என்றான்.

“அப்ப ஆள் வர்ற வரைக்கும் மிதிச்சிக்கினே இரு.”

“கால் போது கலா.”

அவள் இந்தப் பக்கமாக வந்து, கதவைத் திறந்து, ஏறாமல் கீழே நின்றபடியே தன் இரண்டு கைகளையும் அவன் முழங்காலின் மேல் வைத்து அழுத்தினாள். ரத்தம் அவன் பேண்ட்டில் ஒட்டியது. அவள் தலை அவன் மார்புக்கு நேராக இருந்தது. ஈரமும் டீசலும் அவளுடைய சீயக்காய் வாசனையும் சேர்ந்து வந்தன. இப்படியே நின்றுகொண்டிருந்தால் போதும் என்று அவனுக்கு இருந்தது. இப்படியே நிற்க முடியாது என்பதும் தெரிந்தது.

மேலிருந்து ஜீப் ஹாரன் கேட்டது.

ஆஸ்டல் ஜீப்பில் நாலு பேர் வந்தார்கள். மளமளவென்று பாறாங்கற்களைப் புரட்டிக்கொண்டு வந்து டிரெய்லர் சக்கரங்களுக்கும் பிக்கப் சக்கரங்களுக்கும் அண்டை கொடுத்தார்கள். ஜீப் ஓட்டி வந்த பெரியவர் ஒவ்வொரு கல்லையும் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, “எடுங்க தம்பி, இனிமே எங்கயும் போவாது,” என்றார்.

பூவராகவன் காலை எடுத்தான். வண்டி அசையவில்லை. அவன் காலும் அசையவில்லை. இடுப்புக்குக் கீழே ஒரு மரக்கட்டை தொங்குவது போல் இருந்தது.

“டிராக்டருக்குச் சொல்லியிருக்கு. அது வந்து உங்களை மேல இழுத்துடும். நேரமாகும்,” என்றார் பெரியவர். பிறகு சந்திரகலாவிடம் திரும்பினார். “நீங்கதான் சமையலுக்கு வந்திருக்கறவங்களா? வாங்கம்மா, நனையாதீங்க. கைக்கு வேற மருந்து போடணும். ராத்திரிச் சமையலுக்கே உங்களைத்தான் எதிர்பாக்கறாங்க. பெட்டி எதும்மா?”

சந்திரகலா பிக்கப்பின் பின்னால் கையைக் காட்டினாள். ஒருவர் ஏறி, கேபிள் சுருள்களுக்கு நடுவிலிருந்து தகரப்பெட்டியைத் தூக்கி ஜீப்பில் வைத்தார். பிக்கப் மறுபடி ஒரு மயிரிழை மேலே எழும்பியது. சீட்டில் உட்கார்ந்திருந்த பூவராகவனுக்கு அது தெரிந்தது.

அவள் ஜன்னலருகே வந்தாள்.

“வரட்டுமா மாமா? டிராக்டர் வந்ததும் நீயும் மேல வந்துடுவ இல்ல. இருட்டறதுக்குள்ள எறங்கிடு. எறங்கும்போது மெதுவாப் போ.”

“ம்.”

“கால நல்லாத் தேய்ச்சி வுடு.”

“ம்.”

அவள் இன்னும் ஒரு கணம் நின்றாள். பிறகு புடவைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தாள். அவன் கதவைத் திறந்தான். வலது காலைக் கையால் தூக்கி வெளியே போட்டான். அது தரையைத் தொட்டதும் மடங்கிற்று. கதவைப் பிடித்துக்கொண்டு பாதி தொங்கினான். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் பத்தடி ரோடுதான் இருந்தது. அதை நடந்து கடக்க அவனிடம் கால் இல்லை. சொல்லிக்கொள்ள ஒரு வீடு இல்லை, ஒரு படகு இல்லை. அண்ணி நாளைக்கும் அப்படியேதான் இருப்பாள். எதையும் மாற்றித் தருகிறேன் என்று சத்தியம் பண்ண அவனால் முடியாது.

அவள் ஜீப்பின் கைப்பிடியில் கை வைத்திருந்தாள்.

“கலா,” என்றான்.

அவள் திரும்பினாள். ஜீப்பில் இருந்தவர்களும் திரும்பினார்கள். கல் பொறுக்கிக்கொண்டிருந்தவரும் நிமிர்ந்து பார்த்தார். பூவராகவன் இந்தத் தடவை குனியவில்லை.

“போவாத கலா. எனுக்கோசரம் எங்கூடவே இரு.”